தண்ணீர் எங்கே போகிறது, அண்ணாச்சி?

பட்டறை பதில்கள்: வாசகர் கேள்விகளுக்கு ஒரு திருநெல்வேலி மெக்கானிக்

சித்திரை பிறந்துவிட்டால் எனக்கு வரும் கடிதங்களில் முக்கால்வாசி "வண்டி ஹீட் ஆகுது" என்றுதான் ஆரம்பிக்கும். கிளட்ச், பிரேக் கேள்விகள் அடுத்த இதழுக்குக் காத்திருக்கட்டும். இந்த முறை டீசல் லோடு வண்டிகளின் ரேடியேட்டர் சமாச்சாரம் மட்டும்.

கேள்வி: அண்ணாச்சி, நான் ராதாபுரம் பக்கம். 2014 மாடல் பொலிரோ பிக்கப் வைத்து செங்கல், ஜல்லி, எது கிடைத்தாலும் லோடு அடிக்கிறேன். தினமும் காலையில் ரேடியேட்டரைத் திறந்தால் அரை லிட்டர் குறைந்திருக்கிறது. தரையில் ஒரு சொட்டு இல்லை. மெக்கானிக்கிடம் கேட்டால், "டீசல் வண்டி தண்ணி குடிக்கத்தான் செய்யும், ஊத்திட்டு ஓட்டு" என்கிறார். வீட்டு போர் தண்ணீரைத்தான் ஊற்றுகிறேன். இது சரியா?

பதில்: சரியில்லை, தம்பி. தண்ணீர் குடிப்பது மாடு. இன்ஜின் குடிக்காது.

இது மூடிய சுற்று. வாட்டர் பம்ப் தள்ளிவிடும் தண்ணீர் பிளாக்கையும் (சிலிண்டர்கள் இருக்கும் உடம்பு) ஹெட்டையும் (அதன் மேல் மூடியிருக்கும் தலை) சுற்றிச் சூட்டை வாங்கிக்கொண்டு ரேடியேட்டருக்குப் போய், அங்கே காற்றில் சூட்டை விட்டுவிட்டுத் திரும்பி வருகிறது. நீங்கள் அடிக்கும் டீசல் எரிந்து வரும் சூட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இந்த வழியாகத்தான் வெளியேற வேண்டும். சுற்றில் ஓட்டை இல்லாவிட்டால் மாதக்கணக்கில் ஓட்டினாலும் அளவு கண்ணுக்குத் தெரிகிற மாதிரி இறங்காது. தினமும் அரை லிட்டர் குறைகிறது என்றால் அது எங்கேயோ போகிறது. எங்கே என்று பார்க்காமல் ஊற்றிக்கொண்டே இருந்தால், ஹெட் வேலைக்குத் தவணை கட்டிக்கொண்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

தரையில் சொட்டு இல்லை என்பதால் ஒழுகல் இல்லை என்று முடிவு கட்ட வேண்டாம். வண்டி ஓடும்போது உள்ளே அழுத்தம் ஏறியிருக்கும், அப்போதுதான் கசியும். சூடான இரும்பில் விழுகிற சொட்டு தரையைத் தொடுவதற்குள் ஆவியாகிவிடும். ஆனால் தடம் விட்டுப் போகும். கூலண்ட் (தண்ணீரோடு கலக்கும் துருத் தடுப்புத் திரவம்) ஓடும் வண்டியில் பச்சையோ சிவப்போ பொருக்கு இருக்கும். உங்களைப் போல போர் தண்ணீர் ஊற்றுகிறவர் வண்டியில் வெள்ளைக் கோடு இருக்கும். காலையில் இன்ஜின் குளிர்ந்து கிடக்கும்போது டார்ச் அடித்து அந்தக் கோட்டைத் தேடுங்கள்.

என் முதல் சந்தேகம் எப்போதும் ரேடியேட்டர் மூடி மேல்தான். இருக்கிற சாமான்களிலேயே விலை குறைந்தது அது. அதனாலேயே யாரும் அதை மதிப்பதில்லை. மூடியின் மேல் 0.9 என்றோ 13 என்றோ எண் அடித்திருக்கும். முன்னது பார் கணக்கு, பின்னது பி.எஸ்.ஐ. கணக்கு, அழுத்தம் ஒன்றுதான். அந்த அழுத்தத்தை உள்ளே பிடித்து வைப்பதால்தான் 100 டிகிரியில் கொதிக்க வேண்டிய தண்ணீர் 118, 119 டிகிரி வரை கொதிக்காமல் நிற்கிறது. மூடியின் ரப்பர் வெடித்து, ஸ்பிரிங் தளர்ந்துவிட்டால் அழுத்தம் நிற்காது. தண்ணீர் பக்கத்தில் இருக்கும் ரிசர்வ் டேங்குக்குப் போய், அங்கிருந்து வழிந்து வெளியே போகும்.

மூடிக்கு இன்னொரு வேலையும் உண்டு. இன்ஜின் ஆறும்போது ரிசர்வ் டேங்கிலிருந்து தண்ணீரைத் திரும்ப உள்ளே இழுக்க அதன் நடுவில் ஒரு சின்ன வால்வு இருக்கிறது. அது ஒட்டிக்கொண்டால் போன தண்ணீர் திரும்பாது. ஆகவே நாளைக் காலையில் இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். ரேடியேட்டரில் குறைந்து, ரிசர்வ் டேங்கில் கூடியிருந்தால் குற்றவாளி மூடிதான். மேல் ஹோஸ் சப்பிப்போய்க் கிடந்தாலும் அதே குற்றவாளி. புதிது வாங்கும்போது பழையதில் உள்ள அதே எண்ணைப் பார்த்து வாங்குங்கள். "கூடுதல் அழுத்தம் நல்லதுதானே" என்று பெரிய எண் போட்டால் ஹோஸோ ரேடியேட்டர் டேங்கோ விட்டுக்கொடுக்கும்.

அடுத்தது வாட்டர் பம்ப். பம்பின் தண்டுக்குக் கீழே ஒரு சின்ன ஓட்டை இருக்கும். அது தெரிந்தே விட்டது. உள்ளே சீல் போய்விட்டால் தண்ணீர் பேரிங்குக்குள் போகாமல் அந்த வழியாக வெளியே வந்து உங்களுக்குத் தகவல் சொல்லும். அந்த ஓட்டையில் எம்-சீலை அப்பிக்கொண்டு வந்த வண்டிகளை நான் பார்த்திருக்கிறேன். ஒழுகல் நிற்கும், வாஸ்தவம். தண்ணீர் பேரிங்குக்குள் இறங்கி, பம்ப் ஜாமாகி, நாங்குநேரிக்கும் வள்ளியூருக்கும் நடுவில் எங்கேயாவது பெல்ட் அறும். ஓட்டையைச் சுற்றி பொருக்கு இருந்தால் பம்பை மாற்றுங்கள், பேச்சே வேண்டாம்.

பிறகு ஹோஸ்களைக் கையால் அமுக்கிப் பாருங்கள். கொழகொழவென்று உப்பியிருந்தால் ஆயில் பட்டு ஊறியிருக்கிறது. அமுக்கும்போது நொறுநொறுவென்று சத்தம் கேட்டால் உள்ளே வெடித்திருக்கிறது. கிளிப்பை முறுக்கி முறுக்கி ஹோஸை அறுத்துவிடாதீர்கள்.

வெளியே ஒன்றுமே இல்லை என்றால் தண்ணீர் உள்ளே போகிறது. ஒன்று ஹெட் கேஸ்கட் (ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் தகடு), இல்லாவிட்டால் இ.ஜி.ஆர். கூலர் (இன்ஜினுக்குத் திரும்ப விடும் புகையைத் தண்ணீரால் ஆற்றும் பெட்டி). புகைக் குழாயில் காலை நேரம் தாண்டியும் வெள்ளைப் புகை, ஆயில் அளவு பார்க்கும் டிப் ஸ்டிக்கில் காபி நிறத்துப் பசை, குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்த ஒன்றிரண்டு நிமிடத்துக்குள் மேல் ஹோஸ் விறைப்பது, இதெல்லாம் அடையாளங்கள். குளிர்ந்த இன்ஜினில் மூடியைத் திறந்துவிட்டு ஸ்டார்ட் செய்து, ரேடியேட்டர் வாயைப் பாருங்கள். முதலில் நாலு குமிழி வருவது காற்று. நிற்காமல் வந்துகொண்டே இருந்தால் அது சிலிண்டரிலிருந்து வரும் கேஸ். இ.ஜி.ஆர். கூலர் ஓட்டையானால் ஆயில் சுத்தமாகவே இருக்கும், தண்ணீர் மட்டும் குறையும், புகை மட்டும் வெளுக்கும். அதைக் கவனிக்காமல் ஹெட்டைக் கழற்றிப் பணம் வாங்கிய கதைகள் நிறைய உண்டு.

நல்ல பட்டறையில் கையால் அடிக்கும் பிரஷர் டெஸ்டர் இருக்கும். மூடிக்குப் பதிலாக அதைப் பொருத்தி, மூடியில் உள்ள எண் வரை அடித்துவிட்டு ஒரு கால் மணி நேரம் விட்டுப் பார்ப்பார்கள். முள் இறங்கினால் ஓட்டை உண்டு. அந்தக் கருவி இல்லாத இடத்தில் "குடிக்கத்தான் செய்யும்" என்ற பதில்தான் கிடைக்கும்.

இனி அந்த போர் தண்ணீர். பாபநாசம், அம்பாசமுத்திரம் பக்கம் ஆற்றுத் தண்ணீரை ஊற்றி ஓடிய பழைய ரேடியேட்டரைப் பிரித்தால் உள்ளே துரு இருக்கும். ராதாபுரம், திசையன்விளை, கூடங்குளம் பக்கத்து ரேடியேட்டரைப் பிரித்தால் துருவோடு சுண்ணாம்பும் அடையாக உட்கார்ந்திருக்கும். தண்ணீர் சூடாக ஆக அதில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு பிரிந்து, எந்த இடம் அதிகம் சூடோ அந்த இடத்தில்தான் படியும். அதாவது ஹெட்டின் உள்ளே, வால்வு சீட்டுகளைச் சுற்றி. அடை படிந்த இரும்பிலிருந்து சூடு தண்ணீருக்கு இறங்காது. கடலோர போர்களில் இருக்கும் உப்பு வேறு அலுமினியத்தைப் பொத்தல் போடும். உங்களுக்கு ரேடியேட்டர் ஒரு நாள் பன்னீர்ச் செம்பாகும்.

ஆகவே ஓட்டையைச் சரிசெய்த பிறகு ஒரு முறை முழுசாகக் கழுவுங்கள். அலுமினிய ரேடியேட்டருக்கு ஏற்றது என்று டப்பாவில் போட்டிருக்கும் கிளீனரை மட்டும் வாங்குங்கள். பாத்ரூம் ஆசிட், காஸ்டிக் சோடா இரண்டும் அலுமினியத்தைத் தின்றுவிடும். கீழ் டிரெயினைத் திறந்து ரேடியேட்டரைக் காலி செய்தால் பாதிதான் இறங்கும். பிளாக்கில் தனி டிரெயின் போல்ட் இருந்தால் அதையும் கழற்றுங்கள். நல்ல தண்ணீர் விட்டு, தெர்மோஸ்டாட் (தண்ணீர் சூடானதும் ரேடியேட்டருக்கு வழிவிடும் வால்வு) திறந்து கீழ் ஹோஸ் சூடாகும் வரை ஓடவிட்டு, ஆறவிட்டு, இறக்குங்கள். தெளிவாக வரும் வரை இதையே திரும்பச் செய்யுங்கள். கடைசிக் கழுவல் டிஸ்டில்டு வாட்டரில். பிறகு பாதி கூலண்ட், பாதி டிஸ்டில்டு வாட்டர்.

ஊற்றும்போது உள்ளே காற்று நிற்கும். வண்டியின் மூக்கை மேட்டில் ஏற்றி நிறுத்தி, ஹீட்டர் இருந்தால் முழுச் சூட்டில் வைத்து, காற்று எடுக்கும் ஸ்குரூ இருந்தால் அதைத் தளர்த்தி, மெதுவாக ஊற்றுங்கள். குமிழி அடங்கிய பிறகுதான் மூட வேண்டும். ரிசர்வ் டேங்கில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடும் தேதியும் போட்டுவையுங்கள். அந்தக் கோடு இறங்குகிறதா இல்லையா என்பதுதான் இனிமேல் உங்கள் மெக்கானிக்கை விட உண்மை பேசும்.

கேள்வி: பாவூர்சத்திரத்திலிருந்து கேரளாவுக்குக் காய்கறி ஏற்றிப் போகிறேன். புளியரை எஸ் வளைவில் ஏற ஆரம்பித்ததும் சூடு காட்டும் முள் சிவப்பை நோக்கிப் போகிறது. ஆரியங்காவு தாண்டினால் இறங்கிவிடுகிறது. சமதளத்தில் தொந்தரவே இல்லை. தண்ணீர் குறையவில்லை, தெர்மோஸ்டாட் புதிது. ஏசி உள்ள பிக்கப்.

பதில்: தண்ணீர் குறையவில்லை என்று முதலிலேயே எழுதியதற்கு நன்றி. பாதி வேலை முடிந்தது.

சமதளத்தில் 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது காற்று தானாக வந்து ரேடியேட்டரில் அடிக்கிறது. ஃபேன் சும்மா இருந்தாலும் தெரியாது. ஏற்றத்தில் வேகம் இருபது. காற்று இல்லை. சூடோ இரண்டு மடங்கு. அப்போது முழுக்க முழுக்க ஃபேனை நம்பித்தான் வண்டி ஏற வேண்டும். உங்கள் வண்டியில் ஃபேனுக்கு நடுவில் உருண்டையாக ஒரு கப்ளிங் இருந்தால், அதன் உள்ளே சிலிக்கோன் ஆயில் இருக்கிறது. ரேடியேட்டர் வழியாக வரும் காற்று சூடாக இருந்தால் முன்பக்கத்துத் தகடு சுருண்டு, ஆயிலை விட்டு, ஃபேனை இறுக்கிப் பிடிக்கும். காற்று குளிர்ந்தால் விட்டுவிடும். ஆயில் ஒழுகிப்போன கப்ளிங் எவ்வளவு சூட்டிலும் பிடிக்காது.

இன்ஜினை நிறுத்தி, சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு, ஃபேனைக் கையால் சுற்றிவிடுங்கள். கொஞ்சம் இழுத்துப் பிடித்து நின்றால் சரி. விட்ட கையோடு நாலு சுற்று சுற்றினால் கப்ளிங் போச்சு. அதன் முகத்தில் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி எண்ணெய்க் கோடுகள், தூசி ஒட்டி, தெரிந்தாலும் அதே முடிவு. சிலர் இரண்டு போல்ட் போட்டு அதை நிரந்தரமாக லாக் செய்து தருவார்கள். ஊர் வந்து சேர அது உதவும். அப்படியே விட்டால் டீசலும் போகும், பெல்ட்டும் பம்ப் பேரிங்கும் தேயும்.

ஃபேன் சரியாக இருந்தால் ரேடியேட்டரின் வெளிப்பக்கம். ஏசி வண்டிகளில் முன்னால் கண்டென்சர் (ஏசியின் சூட்டை வெளியே விடுவது), டர்போ இருந்தால் இன்டர்கூலர் (டர்போ காற்றை ஆற்றுவது), அதற்குப் பின்னால்தான் ரேடியேட்டர். முன்னால் நின்று பார்த்தால் கண்டென்சர் சுத்தமாகத் தெரியும். இரண்டுக்கும் நடுவில் பூச்சி, வைக்கோல், மார்க்கெட் குப்பை, சாக்குப் பிசிறு எல்லாம் மெத்தையாக அடைத்துக் கிடக்கும். மேல் பிராக்கெட்டைக் கழற்றிச் சாய்த்துப் பாருங்கள். தண்ணீர் அடிப்பதானால் இன்ஜின் பக்கமிருந்து முன்னோக்கி, சாதாரண குழாய் வேகத்தில். வாட்டர் சர்வீஸ் கன்னைக் கிட்டே வைத்து அடித்தால் ஃபின்கள் என்ற மெல்லிய தகடுகள் எல்லாம் மடிந்து படுத்துவிடும். அப்புறம் அடைப்பு எடுத்தும் பலன் இல்லை. ஃபேனைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் கூண்டு உடைந்திருந்தால் மாட்டுங்கள். கூண்டு இல்லாத ஃபேன் ரேடியேட்டர் வழியாகக் காற்றை இழுக்காது, பக்கத்துக் காற்றையே திரும்பத் திரும்பச் சுற்றும். கிரில்லுக்கு முன்னால் நம்மவர்கள் மாட்டும் பலகை, கூடுதல் விளக்கு, மாலை இவற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை. சாமிக்கு மாலை வேண்டும்தான், ஆனால் அதைக் கேபினுக்குள் போடலாம்.

கடைசியாக உங்கள் வலது காலும் இடது கையும். ஏற்றத்தில் மூன்றாவது கியரில் முக்கி முக்கி ஏற்றினால் இன்ஜின் சுற்று குறைவு. பம்பும் ஃபேனும் அந்தச் சுற்றில்தான் ஓடுகின்றன. சூடு அதிகம், ஓட்டம் குறைவு. இரண்டாவதில் போட்டுச் சீராக ஏறுங்கள்.

அப்படியும் முள் ஏறினால் முதலில் ஏசியை நிறுத்துங்கள். ஹீட்டர் இருந்தால் முழுச் சூட்டில், ப்ளோயரை முழு வேகத்தில் வையுங்கள். கேபினில் உட்கார முடியாது, ஆனால் அதுவும் ஒரு சின்ன ரேடியேட்டர்தான். இடம் கிடைத்ததும் ஓரம் கட்டி, ஆவியோ ஒழுகலோ இல்லை என்றால் இன்ஜினை உடனே நிறுத்தாமல் ஐடிலில் கொஞ்சம் கூட்டி ஓடவிடுங்கள், முள் இறங்கும். ஆவி வந்தால், ஹோஸ் வெடித்திருந்தால், அந்த நொடியே நிறுத்துங்கள். மூடியில் கை வைக்க வேண்டாம். டீ குடித்து, பேப்பர் படித்து, குறைந்தது முக்கால் மணி நேரம். அப்புறம் கனத்த சாக்கை மேலே போட்டு, முதல் நிறுத்தம் வரை மட்டும் திருகி, அழுத்தம் போன பிறகு திறங்கள். ஓடைத் தண்ணீரைக் கொதிக்கிற இன்ஜினில் ஊற்றினால் ஹெட்டில் விரிசல் விழும்.

இதோடு சம்பந்தப்பட்ட ஒன்று. ஆனி, ஆடியில் நாகர்கோவிலிலிருந்து ஆரல்வாய்மொழி, காவல்கிணறு வழியாக வருகிறவர்கள் சிலர், அந்த இடத்தில் மட்டும் முள் ஏறுவதாகச் சொல்வார்கள். காற்றாலைகளைச் சுற்றும் அதே மேல்காற்று உங்கள் முதுகில் அடிக்கிறது. வண்டி போகும் வேகத்துக்கு ரேடியேட்டரில் காற்று படாது. நல்ல ஃபேன் உள்ள வண்டிக்கு இது பொருட்டே இல்லை.

கேள்வி: ரேடியேட்டரில் ஓட்டை விழுந்தால் மஞ்சள் தூள் போடலாமா? உவரியிலிருந்து மீன் ஏற்றுகிறேன், நடுவழியில் நிற்க முடியாது.

பதில்: மீன் கெட்டுவிடும் என்ற நிலையில் இரண்டு ஸ்பூன் போட்டால் சின்னக் கசிவு அடங்கும்; லாரிக்காரர்கள் காலங்காலமாகச் செய்வதுதான். மூடியைக் கொஞ்சம் தளர்த்தி வைத்து, அழுத்தம் ஏறாமல், மெதுவாக ஓட்டி வந்து சேருங்கள். வந்த அன்றே கழுவிவிடுங்கள். ஓட்டையை அடைக்கிற தூள் நல்ல குழாயையும் அடைக்கும். பித்தளை ரேடியேட்டர் என்றால் ஈயம் வைத்துப் பற்றலாம். அலுமினியக் கோர், பிளாஸ்டிக் டேங்க் என்றால் பெரும்பாலும் மாற்றுவதுதான் வழி. மீன் வண்டிக்காரருக்குத் தனியாக ஒன்று: பெட்டியிலிருந்து வழியும் உப்பு ஐஸ் தண்ணீர் ரேடியேட்டர் பக்கம் வராமல் பாருங்கள்.

கேள்வி: சங்கரன்கோவில் பூ மார்க்கெட்டிலிருந்து இரண்டு வண்டிகளில் பூ அனுப்புகிறேன், அண்ணாச்சி. ஒரு வண்டி சூடாகிறது. டிரைவர், "நம்ம ஊர் வெயிலுக்கு தெர்மோஸ்டாட்டே தேவையில்லை, கழற்றி எறிந்துவிடலாம்" என்கிறார். பணம் மிச்சம் என்றும் சொல்கிறார்.

பதில்: வேண்டாம், தங்கச்சி. வெயிலுக்கும் தெர்மோஸ்டாட்டுக்கும் சம்பந்தமில்லை. வெளியே 40 டிகிரி என்றால் இன்ஜின் வேலை செய்ய வேண்டிய சூடு 80, 90. அந்தச் சூட்டுக்கு வரும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் பிடித்து வைப்பதுதான் அதன் வேலை. கழற்றிவிட்டால் விடியற்காலையில் பூ ஏற்றிக்கொண்டு கிளம்பும் வண்டி நெடுநேரம் குளிர்ச்சியாகவே ஓடும். டீசல் சரியாக எரியாது, கரி கூடும், சிலிண்டர் சீக்கிரம் தேயும், மைலேஜ் இறங்கும். மிச்சம் பிடித்த பணம் டீசல் பங்கில் போய்விடும்.

இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது. பல இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போது அதன் அடிப்பக்கத்துத் தட்டு பைபாஸ் வழியை மூடும். தெர்மோஸ்டாட்டே இல்லையென்றால் பைபாஸ் எப்போதும் திறந்தே கிடக்கும். தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்குப் போகாமல் சூடாகவே திரும்பும். சூட்டைக் குறைக்கக் கழற்றியது ஏற்றத்தில் சூட்டைக் கூட்டும்.

சந்தேகம் என்றால் சோதிப்பது சுலபம். கழற்றிய தெர்மோஸ்டாட்டை நூலில் கட்டி, பாத்திரத்தின் அடியில் படாமல் தண்ணீரில் தொங்கவிட்டு அடுப்பில் வையுங்கள். ஒரு தெர்மாமீட்டரும் போடுங்கள். அதன் தகட்டில் 82 என்று அடித்திருந்தால் அதை ஒட்டித் திறக்க ஆரம்பித்து, கொதி வருவதற்குள் நன்றாகத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை என்றால் புதிது மாட்டுங்கள். திறந்தால் குற்றம் வேறு இடத்தில். டிரைவரை முதல் பதிலைப் படிக்கச் சொல்லுங்கள். பாத்திரத்தைத் திரும்பச் சமையலுக்கு எடுக்க வேண்டாம்.

கேள்வி: பச்சை கூலண்ட் நல்லதா, சிவப்பா? இருப்பதோடு கலக்கலாமா? (தென்காசி)

பதில்: நிறம் சாயம்தான், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். உள்ளே இருக்கும் துருத் தடுப்பு மருந்து எந்த வகை என்பதுதான் கணக்கு, அது வண்டியின் கையேட்டில் இருக்கும். கலக்காதீர்கள், வகை மாறினால் ஒன்றையொன்று கெடுத்து, சிலசமயம் கூழாகிவிடும். டப்பாவில் அப்படியே ஊற்றலாம் என்று போட்டிருந்தால் தண்ணீர் சேர்க்க வேண்டாம். கெட்டிக் கூலண்ட் என்றால் பாதிக்குப் பாதி. "நல்ல சரக்கு, அப்படியே ஊத்துவோம்" என்று கெட்டியாகவே ஊற்றுகிறவர்கள் உண்டு. கூலண்டின் மூலச்சரக்கான வெறும் கிளைக்கால் தண்ணீர் அளவுக்குச் சூட்டைச் சுமக்காது. வண்டி கூடுதலாகத்தான் சூடாகும்.

கேள்வி: முக்கூடலிலிருந்து பீடிக் கட்டு ஏற்றிப் போனபோது முள் ஏறியது. ஓரம் கட்டலாம் என்று நினைப்பதற்குள் தானாகவே கீழே இறங்கிவிட்டது. சரியாகிவிட்டது என்று ஓட்டினேன். சற்று தூரத்தில் இன்ஜின் சீஸ் ஆகி இறுகி நின்றுவிட்டது. முள் பொய் சொல்லுமா?

பதில்: முள் பொய் சொல்லவில்லை. அதன் சென்சார் தண்ணீருக்குள் முழுகியிருக்கும்போதுதான் தண்ணீரின் சூட்டைச் சொல்லும். ஹோஸ் விட்டுக்கொண்டு தண்ணீர் முழுதும் போனதும் சென்சார் வெறும் காற்றில் நின்றிருக்கும்; அது காற்றின் சூட்டைச் சொன்னது. ஏறிய முள் காரணம் இல்லாமல் மளமளவென்று இறங்கினால் அதுதான் இருப்பதிலேயே மோசமான செய்தி. உடனே நிறுத்த வேண்டும். ரிசர்வ் டேங்கில் அளவு குறைந்தால் அலறும் சென்சாரைத் தனியாகப் பொருத்தித் தருகிறார்கள். புது இன்ஜின் போட்ட கையோடு அதையும் போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஹெட்டின் அடிமுகத்தைச் சமமாகச் சீவி (ஃபேஸ் செய்து), புது கேஸ்கட் போட்டு, சில மாதத்தில் மறுபடியும் குமிழி வருகிறது. பட்டறைக்காரர் "கேஸ்கட் டூப்ளிகேட்" என்கிறார். (பாளையங்கோட்டை)

பதில்: பட்டறையின் பெயரையும் எழுதியிருந்தீர்கள், அது நமக்குள் இருக்கட்டும். கேஸ்கட் டூப்ளிகேட்டாக இருக்கலாம். ஆனால் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். முதல் தடவை ஏன் சூடானது என்று கண்டுபிடித்தார்களா? கேஸ்கட் தானாக எரிவது அபூர்வம். மூடி, ஃபேன், அடைத்த ரேடியேட்டர் இவற்றில் ஒன்று அதை எரித்திருக்கும். அதை விட்டுவிட்டுக் கேஸ்கட்டை மட்டும் மாற்றினால் அதே நோய் அதே இடத்துக்கு வரும்.

இரண்டாவது, ஹெட்டை லேத்துக்கு அனுப்பியவர்கள் பிளாக்கின் மேல்முகத்தில் நேர்க்கட்டை வைத்து, ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டு, சமமாக இருக்கிறதா என்று பார்த்தார்களா? ஹெட்டில் வால்வுகளுக்கு நடுவே முடியளவு விரிசல் இருக்கிறதா என்று பிரஷர் டெஸ்ட் செய்தார்களா? அலுமினிய ஹெட், இரும்பு பிளாக்கைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். ஒரு தடவை நன்றாகச் சூடான பிறகு வளையாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

மூன்றாவது, ஹெட் போல்ட். நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, வரிசைப்படி, டார்க் ரெஞ்சில் (முறுக்கும் அளவைக் காட்டும் ஸ்பேனர்) கட்டங்கட்டமாக முறுக்க வேண்டும். சில இன்ஜின்களில் ஒரு முறை முறுக்கிய போல்ட் நீண்டுவிடும், திரும்பப் போடக்கூடாது. "கை கணக்கு எனக்குத் தெரியும்" என்கிற மெக்கானிக்கின் கையை நான் மதிக்கிறேன். ஹெட்டை மட்டும் அவரிடம் கொடுக்க மாட்டேன்.

கேள்வி: நானே கூலண்ட் மாற்றினேன். பழையதை எங்கே ஊற்றுவது? வீட்டுக்குப் பின்னால் கன்னடியன் கால்வாய் போகிறது. (கல்லிடைக்குறிச்சி)

பதில்: கால்வாயில் வேண்டவே வேண்டாம். தரையிலும் வேண்டாம். கூலண்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருக்கும். நாய், ஆடு, கோழி எல்லாம் நக்கும். கொஞ்சம் உள்ளே போனாலே கிட்னியை முடித்துவிடும், குழந்தைகளுக்கும் அதே கதிதான். மூடியுள்ள பழைய கேனில் பிடித்து, மேலே பெரிதாக விஷம் என்று எழுதி, குளிர்பான பாட்டிலில் மட்டும் ஊற்றி வைக்காமல், நீங்கள் வழக்கமாக ஆயில் மாற்றும் சர்வீஸ் சென்டரில் கொடுங்கள். பழைய ஆயிலோடு கலந்து கொண்டுபோனால் எடுக்க மாட்டார்கள், தனியாகவே கொண்டுபோங்கள். தரையில் சிந்தியது இருந்தால் மணலைப் போட்டு வாரி எடுத்துவிட்டு, அந்த இடத்தை நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவும் வரை ஆட்டை அவிழ்த்துவிடாதீர்கள்.